போர்ட் பிளேரில் எந்தப் பக்கம் ரூம் போடுவது?

வரைபடத்தில் ராசிபுரம் பேருந்து நிலையத்தின் மேல் ஸ்கேலை வைத்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விருத்தாசலத்தை ஒட்டிப் போய், பரங்கிப்பேட்டை பக்கம் கடலில் இறங்கும். வங்காள விரிகுடாவைத் தாண்டி அது கரையேறும் இடம் தெற்கு அந்தமானின் தென்முனையான சிடியா டாப்பு. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே போனால் அந்தமான் நிக்கோபாரின் தலைநகர். 2024 செப்டம்பரில் மத்திய அரசு அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டது. ஆனால் ராசிபுரத்து டிராவல்ஸ் கடைப் பலகையிலும் பயணிகள் வாயிலும் அது இன்னும் போர்ட் பிளேர்தான்.

கோடு ஒன்றாக இருந்தாலும் பொழுது ஒன்றல்ல. இரண்டு ஊருக்கும் ஒரே இந்திய நேரம்தான், ஆனால் அங்கே சூரியன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாக உதிக்கும், அதே அளவு முன்னதாக மறையும். நவம்பர், டிசம்பரில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். மே, ஜூனில் விடியற்காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். படகு, பஸ், கடைத்தெரு எல்லாமே இந்தச் சூரியனுக்குக் கட்டுப்பட்டு இயங்குகின்றன. அந்த ஊரில் எங்கே தங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறதா என்பது அப்புறம் பார்க்க வேண்டியது. மறுநாள் காலை ஆறு மணிக்கு நீங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கத்திலிருந்து அந்தமான் போகிறவர்கள் இன்று கணிசம். எல்.டி.சி. எனும் விடுமுறைப் பயணச் சலுகையில் விமானத்தில் போகும் மத்திய அரசு ஊழியர்கள், புதுமணத் தம்பதிகள், இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து வேன் கணக்கில் கிளம்புகிறவர்கள் என்று பல ரகம். பெரும்பாலோர் எடுப்பது ஐந்து இரவு, ஆறு பகல் பேக்கேஜ். அதில் இரண்டு இரவோ மூன்று இரவோ போர்ட் பிளேருக்கு, மீதி ஸ்வராஜ் தீப், ஷஹீத் தீப் தீவுகளுக்கு. 2018 கடைசியில் இந்தப் பெயர்கள் வைக்கும்வரை அவை ஹேவ்லாக், நீல்.

அந்தப் பேக்கேஜ் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். தீவு ரிசார்ட்டுக்குப் பெரிய வண்ணப் படம், நீல நிறக் கடல், தென்னை மரம். போர்ட் பிளேர் ஹோட்டலுக்கோ ஒரே வரி. ஒரு பெயர், பக்கத்தில் சாய்கோடு, பிறகு பொடி எழுத்தில் 'அல்லது அதற்கு இணையானது'. போய் இறங்கும் நாளில் அந்த 'இணையானது' எதுவாகவும் இருக்கலாம். பஜார் நடுவில் இருக்கும் நல்ல லாட்ஜாகவும் இருக்கும். ஊருக்கு வெளியே மேட்டில், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியாகவும் இருக்கும். ராசிபுரத்தில் கையெழுத்துப் போடும்போது இரண்டுக்கும் விலை ஒன்றுதான்.

முதல் நாளின் கஷ்டம் ராசிபுரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் போல ஆகும். காலை விமானங்கள் பல விடியலுக்கு முன்போ விடியலை ஒட்டியோ கிளம்புபவை. அதைப் பிடிக்க சேலம் வழியாக ராத்திரி பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, மீனம்பாக்கம் போய்ச் சேர வேண்டும். கண்ணை மூடாமல் ஓர் இரவைக் கழித்துவிட்டுக் காலை எட்டு, ஒன்பது மணிக்கு வீர சாவர்க்கர் விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். 2023 ஜூலையில் திறந்த புதிய முனையம் சிப்பி வடிவத்தில் பளபளவென்று நிற்கிறது. பிள்ளைகள் செல்ஃபி எடுக்கிறார்கள். பெரியவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "ஏனுங்க, ரூமு எப்பங்க தருவாங்க?"

பல இடங்களில் அறை மதியம்தான் கிடைக்கும். படகுப் பயணிகளைக் கணக்கில் வைத்து, காலை எட்டு ஒன்பதுக்கே அறையைக் காலி செய்யச் சொல்லும் விடுதிகளும் அந்தத் தீவுகளில் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் காலையிலேயே அறை கிடைக்கவும் வாய்ப்பு அதிகம். கேட்டுவைத்தால் தெரியும், கேட்காமல் போனால் வரவேற்பறை சோபாதான் முதல் நாள் படுக்கை. இந்த ஒரு கேள்விக்கு ஹோட்டலின் நட்சத்திரத்தை விட மதிப்பு அதிகம்.

விமான நிலையத்துக்குப் பக்கம் என்று சொல்லி விற்கும் அறைகளும் உண்டு. அந்தப் பெருமையில் அர்த்தமே இல்லை. விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து அபர்தீன் பஜாருக்கு நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. மொத்த ஊரின் ஜனத்தொகையே 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துச் சொச்சம். தூரம் இந்த ஊரில் பிரச்சினையே இல்லை. பிரச்சினை மேடு பள்ளம். சமதரையாக ஒரு தெருவைப் பார்ப்பது அரிது. வரைபடத்தில் முந்நூறு மீட்டர் என்று காட்டும் ஹோட்டல், நேரில் முந்நூறு மீட்டர் ஏற்றமாக இருக்கும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மலை புதிதல்ல. ஆனால் அங்கே ஏறியது பஸ், இங்கே ஏறுவது முட்டி வலிக்கார அம்மாவும் அவர் கையில் இருக்கும் பையும்.

எங்கே தங்குவது என்பதில் திணறியவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டும் அல்ல. இந்த ஊரின் வரலாறே அந்தத் திணறலில் தொடங்குகிறது. 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் இந்தத் துறைமுகத்துக்கு வந்தபோது முதல் குடியிருப்பை சாத்தம் தீவில் அமைத்தார். மூன்றே ஆண்டில் அதை வடக்கு அந்தமானுக்கு மாற்றினார்கள். அங்கே நோயில் ஆட்கள் மாண்டுபோக, 1796இல் மொத்தமாகவே கைவிட்டார்கள். 1857 எழுச்சிக்குப் பிறகு, 1858 மார்ச் 10 அன்று ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்து மறுபடி சாத்தமில் இறங்கினார். தண்ணீர் போதவில்லை. நிர்வாகம் எதிரிலிருந்த ராஸ் தீவுக்குப் போனது. தேவாலயம், நீச்சல் குளம், நடன மண்டபம் என்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் வெள்ளையர் அங்கே வாழ்ந்தார்கள். 1941 ஜூன் 26 நிலநடுக்கம் அதை உலுக்கியது. அடுத்த ஆண்டே ஜப்பானியர் வந்தார்கள். இன்று அந்தக் கட்டடங்களை ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன, மான்கள் மேய்கின்றன. ஊர் என்னவோ அபர்தீன் கரையிலேயே நிலைத்துவிட்டது.

வாக்கரை விரட்டிய தண்ணீர்ப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் அது. நாமக்கல் மாவட்டத்து மழை அதில் நாலில் ஒரு பங்கு அளவுதான். அப்படியும் கோடையில் அங்கே குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. சரிவான நிலம், பெய்கிற மழை நேராகக் கடலுக்கு ஓடிவிடும். நகரத்துக்குப் பெரிய ஆதாரம் தனிக்காரி அணை. 1970களில் கட்டியது; ஊர் பெருத்த வேகத்துக்கு அது பெருக்கவில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. சுற்றுலாக் கூட்டம் நிரம்பி வழிவதும் அதே மாதங்களில்தான். கடல் அமைதியாக இருக்கும், படகு ஓடும், பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை முடிந்து கோடை விடுமுறை நெருங்கும், அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும்.

இதனால் குளியலறை வாளி நிறைய விஷயம் சொல்லும். மார்ச் மாதம் சின்ன லாட்ஜ் ஒன்றின் குளியலறையில் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் பிடித்து மூடிவைத்திருந்தால், அந்த முதலாளி நிலைமை தெரிந்தவர். ஷவர், குளியல் தொட்டி என்று படம் போட்டிருக்கும் அறையில் வாளியே இல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். பெரிய ஹோட்டல்கள் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளிக்கும். நடுத்தர விடுதியில் தரைத்தொட்டி எவ்வளவு பெரிது, லாரி வருகிற அளவுக்கு வழி இருக்கிறதா என்பதில்தான் உங்கள் குளியல் அடங்கியிருக்கிறது. போர்வெல் வண்டிகளை நாடு முழுக்க அனுப்பும் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சம் இருக்க வேண்டியதில்லை.

இனி ஊரைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம்.

முதல் இடம் அபர்தீன் பஜார். மணிக்கூண்டு, அதைச் சுற்றித் துணிக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை, சிப்பி விற்கும் கடை. மாலையில் அந்த மணிக்கூண்டடியில் கால் மணி நேரம் நின்றால் வங்காளம், இந்தி, தெலுங்கு, தமிழ் நான்கும் காதில் விழும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். ஆட்டோக்காரரிடம் 'அண்ணே' என்று தமிழிலேயே பேச்சைத் தொடங்கிப் பார்க்கலாம், பல நேரம் பலிக்கும். இட்லி, தோசை, பொங்கலுக்கு அலைய வேண்டியதில்லை. வெற்றிமலை முருகன் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்து ஊரே திரளும்.

இங்கிருந்து செல்லுலார் சிறைக்கு நடந்தே போய்விடலாம். 1896இல் தொடங்கி 1906இல் முடித்த கட்டடம். ஏழு சிறகுகளில் மூன்றே மிஞ்சியிருக்கின்றன. 'சிறைச்சாலை' படத்தில் பார்த்த நடைக்கூடங்களை நேரில் பார்க்கும்போது பேச்சு வராது. மாலையில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சி முடிந்து, இருட்டில் வெளியே வரும் கூட்டம் மொத்தமும் ஆட்டோவுக்கு அலையும்போது, பஜாரில் அறை எடுத்தவர் இறக்கத்தில் பத்து நிமிடம் நடந்து அறைக்குப் போய்விடுவார். ராஸ் தீவுப் படகு கிளம்பும் அபர்தீன் ஜெட்டியும் பக்கம்தான். இன்னொரு காரணம், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு: ஜி.பி.பந்த் அரசு மருத்துவமனை சிறையை ஒட்டியே இருக்கிறது. சிறையின் இடிந்த சிறகுகள் இருந்த இடத்தில் எழுந்ததே அது.

குறைகளும் உண்டு. பழைய லாட்ஜ்களில் லிஃப்ட் கிடையாது. சில அறைகளுக்கு ஜன்னல் இருந்தும் அது அடுத்த கட்டடத்தின் சுவரைத்தான் காட்டும். வண்டிச் சத்தம் விடியற்காலையே ஆரம்பிக்கும். ஆனால் இந்த ஊரில் நீங்களும் அதே நேரத்துக்குத்தான் எழுந்திருக்கப் போகிறீர்கள்.

இரண்டாவது, படகுத்துறைப் பக்கம்: ஃபீனிக்ஸ் பே, ஹாடோ, டெலானிபூர், ஜங்லிகாட். ஸ்வராஜ் தீப்புக்கும் ஷஹீத் தீப்புக்கும் அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்புகின்றன. மக்ரூஸ், நாட்டிகா போன்ற தனியார் படகுகளுக்குப் பெரும்பாலும் ஹாடோ துறைமுகம். முதல் படகு விடிந்ததும் போய்விடும். அடையாள அட்டையோடு முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். குழந்தைகளை எழுப்பி, மூட்டை கட்டி, ஆட்டோ பிடித்து வர வேண்டிய அந்தக் காலையில் ஐந்து நிமிடத் தூரத்தில் அறை இருப்பது பெரிய உதவி. இங்கே ஏமாற இடம் ஒன்று உண்டு. 'ஜெட்டிக்கு அருகில்' என்று எழுதியிருந்தால் எந்த ஜெட்டி என்று கேட்க வேண்டும். அபர்தீன், ஃபீனிக்ஸ் பே, ஹாடோ மூன்றும் மூன்று இடம், மூன்று வேலை. ஹாடோவில் அரசு நிறுவனமான அனிட்கோ நடத்திவந்த மெகாபோட் நெஸ்ட், டெலானிபூரில் சுற்றுலாத் துறையின் டீல் ஹவுஸ் ஆகியவை பழைய பயணிகள் பெயர் சொல்லும் இடங்கள். அரசு விடுதிகளில் அறை இப்போது எப்படித் தருகிறார்கள் என்பதைச் சுற்றுலா அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத் திட்டமிடுவது நல்லது.

மூன்றாவது, பேக்கேஜ் தாளில் படம் போடத் தகுந்த பகுதி: மரைன் ஹில், சவுத் பாயின்ட், கார்பின்ஸ் கோவ் கடற்கரைச் சாலை. மரைன் ஹில் சரிவில் நிற்கும் பே ஐலண்ட் ஹோட்டல், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1982இல் முடிந்தது. மலைச் சரிவோடு சரிவாகப் படிப்படியாக இறங்கும் கூரைகள், சுவர் அடைக்காமல் கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கும் கூடம், அந்தமானின் படாக் மரம். இயந்திரக் குளிர் இல்லாமல் கடற்காற்றிலேயே உட்கார வைக்கும் வித்தை அது. நடத்தும் நிறுவனத்தின் பெயர் காலத்துக்குக் காலம் மாறினாலும் கட்டடம் அப்படியே ஈர்க்கிறது. பணம் இருந்து, ஒரு முழுப் பகல் எங்கும் போகாமல் அங்கேயே உட்காரப் போகிறவர்களுக்கு இது சரியான இடம்.

காலை ஐந்தரைக்குப் படகுக்குக் கிளம்பி, மறுநாள் இரவு எட்டுக்குத் திரும்பி வந்து படுக்கிறவருக்கு அந்தக் கடல் எப்போது தெரியும்? இருட்டில் எல்லா ஜன்னலும் ஒன்றுதான். சாப்பாட்டுக்கு ஹோட்டலை விட்டால் வழியில்லை அல்லது ஆட்டோ வேண்டும். கார்பின்ஸ் கோவ் பஜாரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். கடல் பக்கம் என்றால் இறங்கிக் குளிக்கலாம் என்றும் அர்த்தமில்லை. உப்புநீர் முதலைக்கு எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் கடற்கரைகளில் அதுவும் ஒன்று.

நான்காவது, ஊரின் தெற்கு விளிம்பு: டாலிகஞ்ச், புரோத்ராபூர், பாத்து பஸ்தி, கராச்சராமா. வாடகை குறைவு, வண்டி நிறுத்த இடம் தாராளம், சில வீட்டுத் தங்கல்களில் வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும். பாரடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகத் திட்டம் இருந்தால் இந்தப் பக்கம் கைகொடுக்கும். ஜிர்கடாங் சோதனைச் சாவடியில் காலை முதல் வாகனத் தொடரைப் பிடிக்க, ஊரை விட்டு அதிகாலை மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். அது ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழி. வண்டி நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது. வண்டூர் போய் ஜாலி பாய் தீவுக்குப் படகேறுகிறவர்களுக்கும் இந்தப் பக்கம் வழி. அந்தச் சாலையில் சிப்பிகாட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் ஒரு காலத்தில் வயல். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் அமிழ்ந்தது. கடல் உள்ளே வந்தது, போகவில்லை.

தீவுத் தலைநகரங்களுக்கெல்லாம் ஒரு குணம் பொதுவாக உண்டு. வந்தவர் தங்குவதற்கென்று எழுந்தவை அல்ல அவற்றின் ஹோட்டல்கள். அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பதற்கென்று எழுந்தவை. பசிபிக்கில் ஃபிஜியின் தலைநகர் சுவாவில் இருக்கும் கிராண்ட் பசிபிக் ஹோட்டலை 1914இல் கட்டியதே ஒரு கப்பல் நிறுவனம்தான், தன் பயணிகளுக்காக. அதற்கு முன் ஃபிஜியின் தலைநகராக இருந்த லெவூகாவுக்குப் பின்னால் செங்குத்தான மலை. ஊர் வளர இடமில்லை என்று 1880களின் தொடக்கத்தில் தலைநகரையே சுவாவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த சுவாவுக்கு 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். துவாலுவின் ஃபுனாஃபுடியில் விமானம் இறங்காத மாலைகளில் ஓடுபாதையிலேயே பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். அங்கே எந்த விடுதி என்று தேர்ந்தெடுக்கிற அளவுக்கு விடுதிகளே கிடையாது. அந்தக் கணக்கில் போர்ட் பிளேர் பெரிய நகரம்தான்.

காத்திருக்கும் ஊர் என்பதை மறந்தவர்கள் பட்ட பாடு ஒன்று உண்டு. 2016 டிசம்பரில் வங்கக் கடலில் உருவான புயல் சின்னத்தால் படகுகள் நின்று, ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. அவர்களில் எத்தனையோ பேருக்கு விமானம் போய்விட்டது. அதே காற்று சென்னைக்கு வந்தபோது அதன் பெயர் வர்தா. அவ்வளவு பெரிய புயல்கூட வேண்டாம். கடல் கொஞ்சம் கலங்கினாலே படகு ரத்தாகும். அதனால் தீவிலிருந்து மதியப் படகில் வந்து அன்றைக்கே விமானம் ஏறுவது போலப் போடும் திட்டம், ஓர் இரவு வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் மொத்த டிக்கெட்டையும் பணயம் வைப்பது. கடைசி இரவு தலைநகரில்தான் இருக்க வேண்டும். அன்று பஜாரில் அறை இருந்தால் ஊருக்கு வாங்க வேண்டியதையும் வாங்கிவிடலாம்.

சென்னையிலிருந்து கடலடியில் போடப்பட்ட கேபிள் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய பிறகு போர்ட் பிளேரில் இணையம் பழையபடி இல்லை. அறையைக் கைபேசியில் பார்க்கலாம், யுபிஐயில் பணம் அனுப்பலாம். அதனால் ஏஜெண்ட் சொன்னதை அப்படியே நம்ப வேண்டிய காலம் போய்விட்டது. ஆனால் படத்தில் தண்ணீர்த் தொட்டி தெரியாது, ஏற்றம் தெரியாது. விடுதிக்கே ஒரு போன் போட்டால் தெரியும். அங்கே போனை எடுப்பவர் தமிழில் பதில் சொல்லவும் நல்ல வாய்ப்பு உண்டு. புதன்கிழமை ராஸ் தீவுக்கு விடுமுறை என்பதையும், செல்லுலார் சிறைக்கு எந்த நாள் விடுமுறை என்பதையும் நாள் குறிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் கூட்டிக் கழித்தால், முதல் முறை போகும் ராசிபுரத்துக் குடும்பத்துக்கு முதல் இரவும் கடைசி இரவும் அபர்தீன் பஜாரில், லிஃப்ட் உள்ள, தண்ணீர் வசதி கேட்டு உறுதிசெய்த, நடுத்தர விடுதி போதும். மறுநாள் விடியற்காலைப் படகு என்றால் ஹாடோ, ஃபீனிக்ஸ் பே பக்கம். கடல் தெரியும் அறைக்கு வைத்திருக்கும் பணத்தை ஸ்வராஜ் தீப்பில் செலவழிக்கலாம். அங்கே பகலில் அறையில் இருக்க நேரம் கிடைக்கும். பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் அந்த 'அல்லது அதற்கு இணையானது' என்ற வரியை அடித்துவிட்டு, ஹோட்டல் பெயரையும் அது இருக்கும் பகுதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் சேலத்தில் வேறு ஏஜெண்ட் பாருங்கள்.